தொடர்புப் பலகையில் எந்தச் சொற்களை ஏற்றுவது? ஐந்து வழிகளும் என் தேர்வும்

பேச்சு வராத பிள்ளைக்கோ, பக்கவாதம் வந்த பெரியவருக்கோ தொடர்புக் கருவி, அதாவது படத்தையோ சொல்லையோ தொட்டுக் காட்டிப் பேச உதவும் பலகை, வாங்கலாம் என்று முடிவானதும் வீட்டில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் காசைப் பற்றித்தான். ஐபேட் வேண்டுமா, சாதாரண ஆண்ட்ராய்டு டேப்லெட் போதுமா, செயலிக்கு இத்தனை வெள்ளியா, பேசாமல் தாளில் அச்சிட்டு லேமினேட் செய்துகொண்டால் என்ன? எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் கருவி எதுவானாலும், அதற்குள் எந்தச் சொற்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் அவர் நாளைக்கு எதைப் பேச முடியும். நமக்கு வாயைத் திறந்தால் எந்தச் சொல்லும் வரும். அவருக்கு, யாரோ ஒருவர் முன்கூட்டியே வைத்த சொல் மட்டுமே வரும்.

பினாங்கில் எங்கள் குடும்பத்திலேயே இரண்டு பேருக்கு இந்தத் தேவை. தமிழ்ப்பள்ளியில் சிறப்புக்கல்வி வகுப்பில் படிக்கும் அக்கா மகன் ஒருவன். பக்கவாதத்தில் பேச்சை இழந்த பெரியப்பா இன்னொருவர். இருவருக்கும் ஒரே பட்டியல் சரிவராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வழி பொருள்களின் படங்கள். பெரும்பாலான வீடுகளில் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ரொட்டி, மைலோ, பிஸ்கட், பந்து, காடி, டிவி, கழிவறை. பிள்ளை படத்தை எடுத்துக் கொடுத்தால் பொருள் கைக்கு வரும். 1985இல் அமெரிக்காவின் டெலவேரில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்ட்டும் உருவாக்கிய பெக்ஸ் (PECS) என்ற படப் பரிமாற்ற முறையும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. அதன் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. தானாக யாரிடமும் போகாத பிள்ளை, ஒருவரைத் தேடிப் போய் அவர் கையில் ஒன்றைக் கொடுக்கப் பழகுகிறது. பேச்சின் முதல் படியே அதுதான். பெக்ஸில் ஆறு படிநிலைகள் உண்டு. பிந்தைய படிநிலைகளில் வாக்கியம் கட்டுவது, கேள்விக்குப் பதில் சொல்வது, பார்த்ததைச் சொல்வது எல்லாம் வரும். நான் பார்த்த வரையில் பல வீடுகள் அதற்கு முன்பே நின்றுவிடுகின்றன. கேட்டது கிடைக்கிறது, பிள்ளை அழுவதில்லை, அப்புறம் எதற்கு மெனக்கெட வேண்டும் என்று ஆகிவிடுகிறது.

இதில் எங்கே இடிக்கிறது என்பதை பினாங்கின் ஆயர் ஈத்தாமில் ஒரு மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) பார்த்தேன். அக்கா மகனின் டேப்லெட்டில் அப்போது ஒரு மையத்தில் ஏற்றிக் கொடுத்த பலகை இருந்தது. பக்கம் நிறைய சாப்பாட்டுப் படங்கள். அவன் ரொட்டி சானாயை அழுத்தினான், கடைக்காரரும் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து வைத்தார். ஆனால் ரொட்டியின் மேலேயே பருப்புக் குழம்பை ஊற்றியிருந்தார். பினாங்கில் குழம்பு பஞ்சிராக, அதாவது வெள்ளமாக, ஊற்றுவதுதான் வழக்கம், அவர்மேல் தப்பில்லை. இவனுக்கோ குழம்பு தனியாக வேண்டும். மறுபடி ரொட்டி சானாயை அழுத்தினான். “அதான் இருக்கே தம்பி” என்றார் அவர். இன்னொரு தடவை, இன்னும் பலமாக அழுத்தினான். பிறகு தட்டைத் தள்ளிவிட்டு அழ ஆரம்பித்தான். பக்கத்து மேசையில் இருந்தவர், “பசி இல்லை போல” என்றார்.

அவனுக்குத் தேவைப்பட்டவை இரண்டே சொற்கள்: மேல, வேண்டாம். இந்த இரண்டும் சாப்பாட்டுச் சொற்களே கிடையாது. இதே இரண்டு சொற்களைப் போர்வை போர்த்தும்போது சொல்லலாம், பள்ளிப்பையை அலமாரியின் மேல் வைக்கும்போது சொல்லலாம், தலையில் எண்ணெய் வைக்க வரும் பாட்டியிடமும் சொல்லலாம்.

அடிப்படைச் சொற்களை முதலில் வைக்கும் இரண்டாவது வழி இப்படி யோசிப்பதுதான். நாம் நாள் முழுக்கப் பேசுவதில் பெரும்பகுதி சில நூறு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. எந்த இடமானாலும், எந்தப் பேச்சானாலும் அவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. அமெரிக்காவில் நடைபழகும் வயதுக் குழந்தைகளின் பேச்சைப் பதிவுசெய்து 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், எல்லாக் குழந்தைகளும் பொதுவாகப் பயன்படுத்திய சொற்களின் பட்டியலில் ஒரு பொருளின் பெயர்கூட இல்லை. வேண்டும், இல்லை, என்னுடையது, போ, இன்னும், அது, என்ன, இங்கே என்ற மாதிரிச் சொற்கள்தான். சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தார் இந்தப் போக்கில், ஒரு சொல்லுக்கு ஒரு கட்டமாக 36 சொற்கள் கொண்ட ஒரு பலகையைத் தயாரித்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். நம் ஊரிலும் சிகிச்சையாளர்கள் அதை அச்சிட்டுத் தருவதுண்டு.

அதை அப்படியே தமிழாக்கி மாட்டிவிட வேண்டாம். அந்த 36இல் மறுப்புக்கு ஒரே ஒரு கட்டம்தான், ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் வேண்டாம் வேறு, இல்லை வேறு, மாட்டேன் வேறு, முடியல வேறு, பிடிக்கல வேறு. பிடிவாதம் பிடிக்கும் பிள்ளைக்கும் முடியாமல் தவிக்கும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசமே ‘மாட்டேன்’, ‘முடியல’ என்ற இரண்டு கட்டங்களுக்கு இடையில்தான் இருக்கிறது. ஐந்தையும் வையுங்கள். அதற்கான இடம் தானாகக் கிடைக்கும். அந்தப் பட்டியலில் உள்ள சில சொற்களுக்குத் தமிழில் தனிக் கட்டமே தேவையில்லை, அவை வேற்றுமை உருபாகப் பெயரோடு ஒட்டிக்கொள்கின்றன.

அடுத்த சிக்கல் மரியாதை. ‘வா’ என்று ஒரு கட்டம், ‘குடு’ என்று ஒரு கட்டம். பையன் தாத்தாவைப் பார்த்து ‘வா’ என்று அழுத்தினால் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள், கோயிலில் பெரியவர் ஒருவரிடம் அழுத்தினால் சிரிக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் ‘ங்க’ என்று ஒரு தனிக் கட்டம் வைத்தோம். வா, ங்க. குடு, ங்க. பாரு, ங்க. டேப்லெட் குரலில் நடுவே சின்ன வெட்டு விழும், ஆனால் தாத்தாவுக்கு அது போதுமானதாக இருக்கிறது. வினைச்சொல்லைப் பேச்சு வடிவில், உயிரொலியில் முடியும்படி வைத்தால்தான் இது வேலை செய்யும்: ‘நில்’ என்று வைக்காமல் ‘நில்லு’ என்று வைக்க வேண்டும். கட்டத்தை நீண்ட நேரம் அழுத்தினால் வேறு வடிவங்கள் திறக்கும் வசதி உள்ள செயலி என்றால், மரியாதை வடிவத்தை அதற்குள் வைத்துவிடலாம். கேட்க இன்னும் நன்றாக இருக்கும்.

எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா என்று என்னிடம் கேட்டால் பேச்சுத் தமிழ்தான். ‘எனக்கு வேண்டும்’ என்று எந்தப் பிள்ளையும் அம்மாவிடம் கேட்பதில்லை. பள்ளியில் ஆசிரியர் முகம் சுளிக்கலாம். அவரும் ஓய்வுநேரத்தில் ‘வேணும்’ என்றுதான் பேசுகிறார். சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் கிடைக்கிறது, தொடங்க நல்ல இடம். ஆனால் நம் வீட்டுப் பேச்சில் ஊறிப்போன பசார் (சந்தை), தாபாவ் (பொட்டலம்), தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்), சடக்கு (சாலை) எல்லாவற்றையும் நாமே ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த வழிக்கும் குறை உண்டு. அடிப்படைச் சொற்களுக்குப் படம் வரைவது கடினம். ரொட்டியைப் படமாகக் காட்டலாம், ‘வேற’ என்பதை எப்படிக் காட்டுவது? படத்தைப் பார்த்துப் பிள்ளை தானாகப் புரிந்துகொள்ளாது. நாம் பேசும்போதே நாமும் அந்தக் கட்டத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்ட வேண்டும். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகலாம். பொருள் படங்கள் ஒரே வாரத்தில் பலன் காட்டிவிடும். குடும்பங்கள் ஏன் அந்தப் பக்கம் சாய்கின்றன என்பது எனக்குப் புரிகிறது.

முழு வாக்கியங்களை ஏற்றி வைப்பது மூன்றாவது வழி. ஒரு தொடுகையில் ஒரு வாக்கியம் ஒலிக்கும். இதன் பெரிய லாபம் வேகம். சாதாரணமாகப் பேசுகிறவர் நிமிடத்துக்கு 150 சொற்களுக்குக் குறையாமல் பேசுகிறார். கருவியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி அழுத்துகிறவர் பெரும்பாலும் 15ஐத் தாண்டுவதில்லை. கடையில் பின்னால் ஆள் நிற்கும்போது அந்த இடைவெளி பெரிது. ‘அண்ணே, தே தாரிக் ஒன்று, சீனி குறைச்சு’ என்பதை ஐந்து கட்டமாக அழுத்தச் சொல்வது கொடுமை. அவசரத்துக்கும் இதுதான்: ‘மூச்சு முட்டுது’, ‘மருந்து ஒத்துக்கல’, ‘அம்மாவுக்குப் போன் பண்ணுங்க’.

ஆனால் யாரோ எதிர்பார்த்ததை மட்டும்தான் இதில் சொல்ல முடியும். எதிர்பாராத ஒன்றுக்கு, அந்த ரொட்டி மேல் குழம்பு மாதிரி ஒன்றுக்கு, வாக்கியம் தயாராக இருக்காது. அதனால் வளரும் பிள்ளைக்கு இதை உப்பு அளவுக்குத்தான் சேர்ப்பேன்.

பெரியவர்களுக்குக் கதை வேறு. பெரியப்பாவுக்கு மருத்துவமனை வார்டில் ஓர் அட்டை கொடுத்தார்கள்: வலி, தண்ணீர், கழிவறை, மருந்து, தாதி, குளிர், ஆமாம், இல்லை. வார்டுக்கு அது சரி. வீட்டுக்கு வந்த பிறகும் அதே அட்டைதான் தலைமாட்டில் கிடந்தது. துறைமுகத்தில் கூட வேலை செய்த நண்பர்கள் பார்க்க வருவார்கள். முதல் பத்து நிமிடம் அவரிடம் பேசுவார்கள், பிறகு அவரைச் சுற்றி உட்கார்ந்து தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். கழிவறை என்று எழுதிய அட்டையை வைத்துக்கொண்டு அவர் அந்தப் பேச்சில் எப்படிச் சேருவார்?

ஜேனிஸ் லைட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1988இலேயே இதைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். மனிதர்கள் நான்கு காரணங்களுக்காகப் பேசுகிறார்கள்: தேவையைச் சொல்ல, தகவல் பரிமாற, நெருக்கத்தை வளர்க்க, மரியாதை முறைகளை நிறைவேற்ற. வார்டு அட்டை முதல் காரணத்துக்கு மட்டும் உரியது. பெரியப்பாவுக்கு மூன்றாவதுதான் உயிர். என் அண்ணன் ஒரு காரியம் செய்தார். நண்பர்கள் பேசும்போது பெரியப்பா முன்பெல்லாம் நடுவே என்ன சொல்வார் என்று யோசித்து, அதையே அவரைப் போலவே குரல் கொடுத்துப் பதிவு செய்தார். ‘அப்புறம்?’, ‘யாரு சொன்னா?’, ‘சும்மா அளக்காதே’, ‘உனக்கு என்னடா தெரியும்’, ‘அந்தக் காலத்துல அப்படியா இருந்துச்சு’. இவற்றில் ஒரு தகவலும் இல்லை, ஆனால் அடுத்தவரைத் தொடர்ந்து பேச வைக்கும். ‘சும்மா அளக்காதே’ கட்டம் தேய்ந்துபோகும் அளவுக்கு வேலை செய்கிறது. ‘டா’ போடலாமா என்று பெரியம்மா தயங்கினார். நாற்பது வருடப் பழக்கம், போட்டுத்தான் ஆக வேண்டும் என்று அண்ணன் விடவில்லை.

நான்காவது வழியான காட்சிப் படமும் அவருக்குப் பொருந்துகிறது. தனித்தனிக் கட்டங்களுக்குப் பதிலாக ஒரு முழுப் புகைப்படம்; அதில் ஆங்காங்கே தொட்டால் ஒலி வரும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் குடும்பத்தோடு எடுத்த படம் ஒன்று. குவிந்து கிடக்கும் தேங்காய்களைத் தொட்டால் ஒரு செய்தி, ரதத்தைத் தொட்டால் ஒன்று, ஓரத்தில் நிற்கும் மருமகனைத் தொட்டால் அவர்மேல் ஒரு கிண்டல். பக்கவாதத்தில் மொழித்திறன் பாதிக்கப்பட்டவர்களுக்கு, தெரிந்த இடமும் தெரிந்த முகமும் உள்ள படத்திலிருந்து பேச்சைத் தொடங்குவது கட்டங்களைத் தேடுவதைவிட எளிது. மிகச் சின்னக் குழந்தைகளுக்கும் அப்படியே. குறை என்னவென்றால், அந்தப் படத்துக்கு வெளியே போக முடியாது.

பெரியவர்களுக்குச் சொல் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பக்கவாதத்தில் பேச்சு போனவர்கள் சிலருக்கு மனப்பாடமானவை மட்டும் தப்பித்திருக்கும். தண்ணீர் கேட்க வராது, ஆனால் தேவாரம் வரும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வரும். ‘ஐயோ’, ‘முருகா’ வரும். வாய் இன்னும் கொடுக்கிற சொற்களுக்குப் பலகையில் இடம் ஒதுக்க வேண்டாம். ஓரிரு நாள் பக்கத்தில் இருந்து எவை தானாக வருகின்றன என்று குறித்துக்கொண்டு, பிறகு பட்டியல் போடுங்கள்.

கடைசி வழி எழுத்து. எழுத்துக்கூட்டத் தெரிந்தவருக்கு எழுத்துப் பலகைக்கு மிஞ்சியது எதுவும் இல்லை, எதையும் சொல்லலாம், யார் தயவும் வேண்டாம். தமிழில் 247 எழுத்துகள் என்று மலைக்க வேண்டியதில்லை. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என்று 31 கட்டங்கள் போதும். க், ஆ என்று இரண்டைக் காட்டினால் எதிரில் இருப்பவர் ‘கா’ என்று படித்துக்கொள்வார். நம் ஊரில் பலருக்கு வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டித்தான் பழக்கம். அப்படிப்பட்டவருக்கு 26 எழுத்துப் பலகையே கொடுங்கள், தமிழ்ப்பற்றை இதில் காட்ட வேண்டாம். ஆனால் பெரியப்பா மாதிரி மொழித்திறனே அடிபட்டவருக்கு எழுத்தும் பெரும்பாலும் சேர்ந்தே அடிபட்டிருக்கும். ‘நன்றாகப் படித்தவர்தானே, எழுத்தைக் காட்டச் சொல்லுங்கள்’ என்று வருபவர்கள் எல்லாம் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், அவரை வற்புறுத்தாதீர்கள்.

நரம்பு நோயால் குரல் மெல்ல மெல்லக் குறைந்து வருபவருக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது, அதற்குக் காலக்கெடுவும் உண்டு. குரல் இருக்கும்போதே அவருக்கே உரிய வாக்கியங்களை அவர் குரலிலேயே பதிந்து வைப்பது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஜான் காஸ்டெல்லோ இந்த முறையைப் பரப்பியவர். ‘தண்ணீர் வேண்டும்’ என்பதை எந்தக் கணினிக் குரலும் சொல்லும். பேத்தியைக் கூப்பிடும் செல்லப்பெயர், மனைவியைச் சீண்டும் ஒற்றைச் சொல், போனை எடுத்ததும் சொல்லும் ‘ஆங், சொல்லு’ ஆகியவற்றைத்தான் பதிய வேண்டும். பட்டியலை அவரே போடட்டும். புதிதாகச் சொல்ல எழுத்து, பழகியதைச் சொல்ல இந்தப் பதிவுகள் என்று இரண்டும் சேர்ந்தால் அவருக்கு வேறு வழி தேட வேண்டியதில்லை.

சரி, முடிவுக்கு வருகிறேன். பிள்ளைக்கு அடிப்படைச் சொற்கள்தான். முகப்புப் பக்கத்தில் பாதிக்கு மேல் அவை இருக்கட்டும், பொருள்களின் பெயர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகட்டும். பெக்ஸில் ஏற்கெனவே நன்றாகப் போய்க்கொண்டிருந்தால் அதை நிறுத்த வேண்டாம். படங்களை ஒட்டிவைக்கும் அதன் புத்தகத்தின் அட்டையிலேயே இன்னும், வேற, வேண்டாம், போதும், பாரு என்ற ஐந்தையும் ஒட்டிவிடுங்கள். பெரியப்பா போன்றவருக்கு வாக்கியங்களும் காட்சிப் படமும். ஒருமுறை வைத்த கட்டத்தை இடம் மாற்றாதீர்கள். பழகிய விரல் படத்தைப் பார்க்காமலே அந்த இடத்துக்குப் போகும். அழகுக்காக மாற்றி அடுக்கினால் பழகியதெல்லாம் போச்சு. அதனால் முதல் நாளே பெரிய பலகையாக எடுத்துக்கொண்டு, காலிக் கட்டங்களோடு தொடங்குவதே மேல். படங்களுக்கு ஸ்பெயினின் அரகோன் மாநில அரசு இலவசமாகத் தரும் அராசாக் தொகுப்பு இருக்கிறது. வணிகத்துக்கு இல்லாத வரை தாராளமாகப் பயன்படுத்தலாம். நம் ஊர்ச் சாப்பாட்டுக்குப் படம் கிடைக்காவிட்டால் கைப்பேசியில் எடுத்தது போதும்.

யார் பட்டியல் போடுவது என்பதிலும் எனக்கு ஒரு கட்சி உண்டு. அம்மா அப்பா போட்டால் ‘தயவுசெய்து’, ‘நன்றி’, ‘குட் மார்னிங்’ என்று மரியாதை நிரம்பி வழியும். வகுப்பில் கூட உட்காரும் பிள்ளைகளையும் அண்ணன் தம்பிகளையும் கேட்டால் ‘ஏய்’, ‘என் முறை’, ‘போடா’, ‘அவன்தான் முதல்ல’, ‘பொய்’ என்று வரும். இரண்டாவது பட்டியல்தான் பள்ளித் திடலில் உதவும். உடலுறுப்புகளின் பெயர்கள், ‘தொடாதே’, ‘அடிச்சாங்க’, ‘பயமா இருக்கு’, ‘அம்மாகிட்ட சொல்லணும்’ ஆகியவை எந்தப் பட்டியலிலும் தானாக வருவதில்லை. அவற்றைக் கட்டாயம் நாம்தான் வைக்க வேண்டும். பேச முடியாத பிள்ளைக்கு நடந்ததைச் சொல்ல வேறு வழியே கிடையாது.

மொழி விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாயும் சேர்ந்து, சிகிச்சை அறையில் ஆங்கிலம். பிள்ளை குழம்பிவிடும், ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள் என்பார்கள், அந்த ஒன்று எப்போதும் ஆங்கிலமாக இருக்கும். அப்படிச் செய்தால் பாட்டியோடு பேச்சு போய்விடும். பலகையின் முதுகெலும்பு வீட்டு மொழியில் இருக்கட்டும். மலாய், வெளியே நின்று சொல்ல வேண்டிய முழு வாக்கியங்களாக வரட்டும்: ரேபிட் பினாங்கு பேருந்தில் ஓட்டுநரிடம் எங்கே இறங்க வேண்டும் என்று சொல்ல, கிளினிக் முகப்பில் பெயரையும் மாற்றுத்திறனாளி அட்டை இருப்பதையும் சொல்ல, ‘என்னால் பேச முடியாது, ஆனால் நீங்கள் சொல்வது புரியும், கொஞ்சம் பொறுங்கள்’ என்று சொல்ல. இந்த வாக்கியங்களை கணினிக் குரலில் விடாமல், மலாய் சரளமாகப் பேசும் அதே வயதுப் பையன் யாரையாவது பிடித்துப் பதிவு செய்யுங்கள். ஏழு வயதுப் பிள்ளையின் கருவியிலிருந்து வங்கி அறிவிப்பு மாதிரி ஓர் ஆண்குரல் வந்தால், ஓட்டுநர் பிள்ளையை விட்டுவிட்டுக் கூட நிற்கும் அம்மாவிடம்தான் பதில் சொல்வார்.